வாயால் தேயும் கத்தி

பொத்தானை அழுத்தினால் டக்கென்று விரியும் வில்லுக்கத்தியை நானும் ரசித்திருக்கிறேன். இத்தாலியின் மனியாகோவில் செய்த நல்ல கத்தி என்றால் அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். ஆனால் பல வருடம் புழங்கிய ஒன்றை வாங்கி ஆட்டிப் பாருங்கள். அலகு புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். 440சி போன்ற உருக்கில் சுமார் 17 சதவீதம் குரோமியம் இருப்பதால் துரு எளிதில் அண்டாது. தேய்ந்திருப்பது வேறிடம். அச்சாணித் துளை தளர்ந்திருக்கும், பொத்தான் கவ்வும் பள்ளத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், உள்ளே சுருள்வில் சோர்ந்திருக்கும். வெட்டும் பாகம் பிழைத்துக்கொள்ள, தாங்கும் பாகம் செத்துப்போகிற கத்தி அது.

என் மனம் போவது இதற்கு நேர்மாறான ஒன்றிடம். இலங்கையின் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்களில் செடியின் வாதுகளை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி. அதில் பொத்தானும் இல்லை, வில்லும் இல்லை. இருக்கும் தேய்மானம் முழுவதையும் வாயில் வாங்கிக்கொண்டு, வருடத்துக்கு வருடம் அகலம் குறைந்துகொண்டே போகும்.

தேயிலை, விட்டுவிட்டால் மரமாகிவிடும் செடி. இடுப்பளவில் நிறுத்திக் கொழுந்தெடுக்க எடுக்க மட்டம் உயரும், வாது முடிச்சு முடிச்சாகும், கொழுந்து சிறுத்துப்போகும். ஆகவே நுவரெலியாப் பக்கத்து உயரத்தில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து. மலை இறங்க இறங்க அந்த இடைவெளி குறையும். வெட்டுவதற்கு முன் வேரைக் கீறி அயோடின் விட்டு, மாப்பொருள் போதிய அளவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. இலை முழுவதையும் இழந்த செடி அந்தச் சேமிப்பில்தான் மறுபடி துளிர்க்க வேண்டும்.

வெட்டு சாய்வாக, வழவழப்பாக விழ வேண்டும், மழைநீர் தங்கக்கூடாது. வாது பிளந்தாலோ பட்டை உரிந்தாலோ பூஞ்சணம் உள்ளே போய்விடும்; அழுகல் மெல்ல அடிமரம்வரை இறங்கும். நூறு வயது தாண்டிய விதைத் தேயிலை இன்றும் மலைகளில் நிற்கிறது. நாலு வருடத்துக்கு ஒன்று என்றாலே அதன் உடம்பில் இருபத்தைந்து கவ்வாத்து ஏறியிருக்கும். ஒருமுறை மொட்டைக் கத்தியால் வெட்டினால் அதன் பலனை அடுத்த தலைமுறை கங்காணியும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கத்திக்கு வரும் வேலையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்ட மலையில் ஏக்கருக்குச் சுமார் 5,400 செடி. ஒரு செடிக்கு இருபது வெட்டு என்று வைத்தாலும் ஏக்கருக்கு லட்சத்தைத் தாண்டும். வெட்டுவதோ வைரம் பாய்ந்த வாது. அதன்மேல் பாசி, பாசியில் மழை தெறித்த மணல். மரத்தைவிட அந்த மணல்தான் வாயை அதிகம் தின்னும்.

இதற்கு எந்த இரும்பு? நாட்டுக் கொல்லர்களுக்குப் பிடித்தது லொறியின் பட்டைவில். அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், 440சியில் இருப்பதைவிட நன்றாகவே குறைவு. வில்லுக்கத்திக்குள் ஒளிந்திருந்து சோர்ந்துபோகும் உறுப்பு இங்கே கத்தியாகவே வந்து நிற்பதை நினைத்தால் எனக்கு ஒரு குறும்புச் சந்தோஷம். காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தபின் மறுபடி இளஞ்சூடு காட்டும்போது இரும்பின் மேல் நிறங்கள் ஓடும். வைக்கோல் மஞ்சளில் நிறுத்தினால் வாய் கடினமாக இருக்கும், ஆனால் முடிச்சில் பட்டால் பல் விழும். நீலம்வரை விட்டால் வளையும், பல் விழாது, ஆனால் கூர் சீக்கிரம் போகும். இரண்டுக்கும் நடுவே பிடிப்பவனே நல்ல கொல்லன்.

கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த கத்திதான் இந்த வேலைக்குச் சரி என்பது என் கட்சி. மலையில் நின்றபடியே கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிட வேண்டும். குரோமியம் கூடிய உருக்கு கல்லுக்கு எளிதில் மசியாது. அதைத் தீட்டுகிற நேரத்தில் பக்கத்து ஆள் நிரையை முடித்துவிடுவார்.

பழைய கத்தியைப் பாருங்கள். வெட்டு அதிகம் விழுவது நுனி வளைவுக்குச் சற்றுக் கீழே. கல் அதிகம் தின்பதும் அங்கேதான். ஆகவே அந்த இடம் உள்வாங்கி, கொக்கி இன்னும் கூடுதலாக வளைந்ததுபோல் தெரியும். அந்த வளைவு வாதைக் கூடவே கவ்வி இழுப்பதால் பாதி ஆயுள் கழிந்த கத்தி புதியதைவிட நன்றாக வெட்டுவதும் உண்டு. பட்டறையிலிருந்து வந்த உருவத்தைவிட இந்த உருவமே எனக்கு அழகு.

நிறமும் அப்படித்தான். தேயிலைச் சாற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பாகப் படியும். பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை செய்த ரசாயனமும் இதுவே. அந்தக் கறுப்பு படிந்த அலகில் செந்துரு சற்றுத் தாமதமாகவே ஏறும். பளபளவென்று தேய்த்து வைக்கும் கெட்டிக்காரர்கள் அந்தக் காப்பையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள்.

கத்தியில் இருக்கும் ஒரே மூட்டு, காம்பு பிடிக்குள் இறங்கும் இடம். பிடி மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், காம்பு ஆடத் தொடங்கும். பூணைக் கழற்றி, துளையில் அரக்கை உருக்கி ஊற்றிக் காம்பை மறுபடி இறக்கினால் தீர்ந்தது. வில்லுக்கத்தியின் அச்சாணி தளர்ந்தால் அதே அளவில் உறுப்புத் தேடிப் போக வேண்டும்.

இப்போது கவ்வாத்துக்கும் இயந்திரம் வந்துவிட்டது, வட்ட அலகு சுழலும் வகை. வேலைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெண்கள் விறகுக்குச் சுமந்துபோகும் மிலாறு, அதாவது கழித்த வாது, எதில் வெட்டினாலும் ஒன்றுபோலத்தான் எரியும். ஆனால் வாதின் வெட்டுமுகத்தைக் குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். கத்தி விட்டது ஒரே சாய்வான முகம், விரலால் தடவினால் வழுக்கும். அவசரமாக ஓட்டிய வட்ட அலகு விட்டதில் நார் பிசிறி நிற்கும், அதைச் சீர்செய்ய மறுபடி கையும் கத்தியும் வேண்டும்.

யாராவது பழைய கவ்வாத்துக் கத்தி ஒன்றை நீட்டினால் நான் முதலில் முதுகைப் பார்ப்பேன். எவ்வளவு தேய்ந்தாலும் முதுகு நேராக இருந்தால் தோய்ச்சல் சரி. அடுத்தது பூண்: ஒருமுறையாவது கழற்றி மாட்டியிருந்தால் வைத்திருந்தவர் கத்தியைக் கவனித்தவர். கூரைக் கடைசியாகப் பார்த்தால் போதும், அதைக் கல் பார்த்துக்கொள்ளும்.