அம்பின் இறகு: பீலியும் சிறகும்

வில் சேரர்தம் பொறி. வில்லவன் என்னும் பெயரும் அவர்க்கு வழங்கியது. எனினும் வில்லாண்மை பற்றிய ஆய்வுகள் அம்பின் முனையிலேயே தொடங்கி முனையிலேயே முடிந்துவிடுகின்றன. அம்பின் பின்புறத்து இறகு அவற்றில் பெரிதும் இடம்பெறுவதில்லை. இதற்குப் பாடல்களும் ஒருவகையிற் காரணமாகும். அகநானூற்று 9ஆம் பாடலில் கல்லாடனார் இலுப்பையின் அரும்புக்கு அம்பு நுனியை உவமையாக்குகிறார். புறநானூற்று 152ஆம் பாடலில் வன்பரணர், வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை முதல் உடும்பு ஈறாக விலங்குகள் பலவற்றை ஊடுருவிச் சென்றதைப் பாடுகிறார். அம்பைக் கோடாமற் செலுத்திய உறுப்பை இருவரும் குறிக்கவில்லை.

இம்மௌனம் தமிழ்ப் புலவர்க்கு மட்டும் உரியதன்று. டி. கணபதி சாஸ்திரி தம் உரையுடன் திருவனந்தபுரத்திலிருந்து 1924-25இல் வெளியிட்ட அர்த்தசாஸ்திரத்தில், படைக்கலச்சாலை பற்றிய பகுதி (2.18) மூங்கில், நாணல் முதலிய அம்பு வகைகளையும், இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றாலான முனைகளையும் எண்ணிச் செல்கிறது. இறகை அது பேசவில்லை. அரசின் கணக்கில் இடம்பெறாத இப்பொருள் செய்வோன் கையறிவில் நின்றது என்று கருத இடமுண்டு.

அக்கையறிவின் எழுத்துச்சான்று பிற்காலத்தது. 14ஆம் நூற்றாண்டின் சார்ங்கதர பத்ததியில் அமைந்த வில்வித்தைப் பகுதி, அம்புக்கு ஏற்ற இறகுடைய பறவைகளைப் பட்டியலிடுகிறது: காகம், அன்னம், முயலுண்ணி எனப் பொருள்படும் சசாதம், மீனுண்ணி, கிரௌஞ்சம், மயில், கழுகு, குரரம். ஓர் அம்புக்கு இறகு நான்கு; ஒவ்வொன்றும் 6 விரல் நீளம்; கொம்பினாற் செய்த வில்லின் அம்பாயின் 10 விரல்; கட்டுவது நரம்பிழையால். இவ்வளவு நுட்பமான அளவுகள் அணிகலன் செய்வோனுக்குத் தேவையில்லை. அம்பின் பின்புறத்தே காற்றின் தடையை மிகுவித்து, முனை முன்னே நிற்குமாறு செய்வது இறகின் தொழில். அதற்கு விறைப்பான தண்டும் கலையாத இழைகளும் வேண்டும். பறப்பிறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு தகடு போல் நிற்கின்றன. இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவை ஆதலின், ஓர் அம்புக்கு ஒருபுறத்துச் சிறகின் இறகுகளையே தேர்ந்து கட்டுவது வழக்கம்.

பட்டியலில் மயில் இருப்பதே சிக்கலைத் தோற்றுவிக்கிறது. மகாபாரதத்திலும் கங்கத்தின் இறகோடு மயிலிறகும் அம்புக்கு அடையாக வருகிறது. தமிழில் மயிலிறகு என்றவுடன் நினைவுக்கு வருவது கண்ணுடைய தோகை. புறநானூற்று 95ஆம் பாடலில் ஔவையார் காட்டும் தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்றுக் காவலுடைய மனையில் கிடக்கின்றன. போர்முகம் காணாத கருவிகள் அவை என்பதே பாட்டின் எள்ளல். இதனைச் சான்றாகக் கொண்டு, படைக்கலத்தில் இறகு என்றாலே அணி என்று முடிவு செய்வது பொருந்தாது. ஔவையார் பீலி என்கிறார், சிறகு என்னவில்லை.

இவ்வேறுபாடு சொல் அளவில் நிற்பதன்று. மயிலின் பீலி உண்மையில் வாலிறகும் அன்று. வாலின் மேல் மூடி நீண்ட இறகு. அதன் இழைகள் பிணைப்பின்றித் தனித்தனியே அசைவன. அம்பிற் கட்டினால் அது காற்றைத் தாங்காது. மயிலின் சிறகிலுள்ள பறப்பிறகோ செம்பழுப்பு நிறமும் விறைப்பும் உடையது. பார்வைக்கு மயிலினது என்றே தோன்றாதது. வடநூல்கள் குறிக்கும் மயிலம்பு இதுவாகவே இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 1545இல் வில்வித்தை நூல் எழுதிய ரோஜர் ஆஸ்காமும் வாத்தினத்து இறகையே போற்றி, அழகு கருதி மயிலிறகை எடுத்தோர் பயன் கருதிக் கைவிட்டனர் என்கிறார். திருக்குறள் (475) பீலியை மென்மைக்கும் நொய்ம்மைக்கும் எல்லையாக வைத்ததும், வண்டியில் ஏற்றும் பண்டமாகக் காட்டியதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன. பீலி, தோகை, தூவி, சிறை, இறகு எனத் தமிழ் பிரித்தே வழங்கியிருக்க, உரை எழுதுவோர் அனைத்தையும் 'இறகு' என ஒருசொல்லால் முடித்துவிடுவதால் இழப்பு நேர்கிறது. அன்னத்தின் தூவி படுக்கைக்கு உரியது; அதே அன்னத்தின் சிறகிறகு அம்புக்கு உரியது.

கங்கம் பற்றிய குழப்பம் இதனினும் பெரிது. கங்கபத்திரம் என்பது கங்கத்தின் இறகு கட்டிய அம்பு. தமிழகராதிகள் கங்கத்தைப் பருந்தென்றும் கழுகென்றும் பொருள்படுத்த, வடமொழி அகராதிகளைத் தொகுத்த மேலைநாட்டார் நாரை என்றனர். அமரகோசம் அதற்குத் தரும் மற்றொரு பெயர் 'லோகபிருட்டம்'; இரும்பு முதுகுடையது என்பது பொருள். சாம்பல் நிற நாரைக்கு இது பொருந்துகிறது. இதனால் தமிழ்ப்பொருளைப் பிழையென்று தள்ளுவார் உளர். ஆயின், மேற்காட்டிய பட்டியலில் கங்கம் என்னும் பெயரே இல்லை என்பதை அவர்கள் கருதவில்லை. நாரையாயின் மீனுண்ணியுள் அடங்கும். கழுகாயின் கழுகுள் அடங்கும். அம்பு செய்வோனுக்குப் பறவையின் குலத்தைவிடச் சிறகின் அகலமும் விறைப்புமே பெரிது. ஆகவே, ஒரு காலத்தில் ஒரு பறவையைக் குறித்த சொல், அம்புக்கு உதவும் பெரும்பறவை எதற்கும் ஆகி வந்தது என்று கொள்வதே தக்கது. பத்திரம் என்னும் சொல் இலை, இறகு, அம்பு என மூன்றையும் குறிக்க வந்ததும் இத்தகைய பெயர்வே. எருவை என்னும் தமிழ்ச்சொல் கழுகையும் நாணலினத்துக் கொறுக்கச்சியையும் ஒருங்கே குறிப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அம்பின் இறகும் கோலும் பற்றி ஆராய்வோர் அதனை எளிதிற் கடந்து செல்லவியலாது.

இம்முடிபுகளைச் செய்துபார்த்தே உறுதிசெய்ய வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் கழுகு, பருந்து ஆகியவற்றின் இறகை நாடுதல் இயலாது. கேரளத்தில் வயநாட்டில் மட்டுமே எஞ்சியுள்ள பிணந்தின்னிக் கழுகுகள் தொடத்தகாதவை. வீட்டு வாத்து, வான்கோழி ஆகியவற்றின் சிறகிறகுகள் சோதனைக்குப் போதும். ஒரே நீளமுடைய இரு மூங்கிற்கோல்களில் ஒன்றிற்குச் சிறகிறகும் மற்றொன்றிற்கு உதிர்ந்த மயிற்பீலியும் கட்டி எய்து பார்த்தபின், புறநானூற்று 95ஆம் பாடலின் பீலிக்கு உரை வரைதல் நன்று.