மான் மடிந்த இடத்தில் பிறந்த வினா

மனித குலத்தில் தத்துவச் சிந்தனை எங்கே தொடங்கிற்று? மேலைநாட்டு நூலோர் பலர், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேத்தஸ் நகரில் வாழ்ந்த தேலீஸையே முதல்வராகக் காட்டுவர். வியப்பே அதன் வித்து என்றார் அரிஸ்டாட்டில். அந்தலூஸின் ஹகீம் இப்னு துஃபைல் (மறைவு ஹிஜ்ரி 581, கி.பி. 1185) கதை வடிவில் வேறொரு விடை தந்தார். அதுவே 'ஹய்யு இப்னு யக்ளான்'.

மனிதரில்லாத் தீவில் பெண்மானொன்று பாலூட்டி வளர்த்த பிள்ளை ஹய்யு. ஒருநாள் மான் மடிகிறது. அழைக்கிறான், எழவில்லை. கண்ணையும் காதையும் ஆராய்கிறான், ஊனம் ஏதுமில்லை. கூரிய கல்லாலும் உலர்ந்த நாணலாலும் நெஞ்சைப் பிளந்து இதயத்தைக் காண்கிறான். அதன் இடப்புற அறை வெறுமையாயிருக்கிறது. தான் தாயென நேசித்தது இவ்வுடலை அன்று, இதைவிட்டு நீங்கிய ஒன்றையே எனத் தெளிகிறான். பின்னர் காகமொன்று மற்றொன்றைப் புதைக்கக் கண்டு, மானை அடக்கம் செய்கிறான். திருக்குர்ஆனில் காபீலுக்குக் காகம் காட்டிய பாடம் நேயர்களின் நினைவுக்கு வரும்.

பிரிவுத் துயரே முதல் வினாவை எழுப்பியது என்பதே இந்நூலின் உயிர்நாடி என நாம் கருதுகிறோம். ஓய்வும் செல்வமும் உடையார்க்கே தத்துவம் என்னும் கொள்கை இங்கே தகர்கிறது.

எனினும், குறைகளைக் கூறாது விடுதல் முறையன்று. மொழியறியா ஒருவன், படைத்தவன் ஒருவனே என்னும் முடிவு வரை தனித்தே எண்ணிச் சென்றான் என்பது நம்புதற்கு அரிது. கேட்பாரும் மறுப்பாரும் இன்றிச் சிந்தனை வளருமோ? பின்வந்த மருத்துவ மேதை இப்னு நஃபீஸ் (மறைவு கி.பி. 1288), தாம் எழுதிய கதையில் தீவுக்கு ஒரு கப்பலையே வரவழைத்தார், அதில் வந்தோரிடம் அவருடைய நாயகன் பேச்சைக் கற்கிறான்.

மற்றொன்று, நூலின் முடிவு. ஹய்யு தன் தோழர் அப்ஸாலுடன் அயல் தீவு சென்று மக்களுக்குப் போதிக்கிறான். அவர்கள் மனம் கொள்ளவில்லை. தன் தீவுக்கே திரும்பிவிடுகிறான். பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த நம்மால் இதை ஏற்க இயலவில்லை. பாடம் விளங்காத பிள்ளையை விட்டு உஸ்தாது படகேறலாகுமா?

1671இல் ஆக்ஸ்போர்டில் லத்தீன் மொழிபெயர்ப்புடன் அச்சேறிய இந்நூலை ஐரோப்பா விரும்பிக் கற்றது. நாமும் கற்போம். மௌத்தான வீட்டில் ஒரு பிள்ளை, "உம்மா எங்கே?" என்று கேட்டால், "சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். ஹய்யு நின்ற வாசலில்தான் அப்பிள்ளையும் நிற்கிறது.