அரிச்சந்திர நாடகத்தில் பொய்யின் பயன்

புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்த்திருவிழாக்களில் விடியுமளவும் நிகழும் இசை நாடகங்களுள் அரிச்சந்திர மயான காண்டமும் ஒன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இந்நகரிற் கஞ்சிரா வல்லுநர் மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவில் இருந்து லயஞானம் பெற்றவராதலின், இந்நிலத்திற்கும் இசை நாடகத்திற்கும் உள்ள தொடர்பு பழமையானது.

இந்நாடகத்தின் நீதி யாதென வினவின், மெய் சொன்ன அரசன் இழந்தவற்றையெல்லாம் மீளப் பெற்றான் என்பதே என்பர் பலர். இது நாடகத்தைச் சிறுமைப்படுத்தும் விடை. மீளப் பெறுவோம் என்று கருதி மெய் சொல்லுதல் வாணிகமேயன்றி வாய்மையாகாது.

சுடலைக் காட்சியை நோக்குக. நாடு போயிற்று, மனைவியைக் காலகண்டர் விலைக்குக் கொண்டார், தான் வீரவாகுவின் அடிமையாய்ப் பிணம் சுடுகின்றான். அரவு தீண்டி இறந்த தன் மைந்தனையே சந்திரமதி சுமந்து வருகின்றாள். ஆண்டும் தன் பங்காகிய வாய்க்கரிசியை விடுகின்றானேயன்றி, ஆண்டானுக்குரிய முழத்துண்டையும் காற்பணத்தையும் விட்டானில்லை. நள்ளிரவில், காண்பார் எவருமில்லாத இடத்தில், கூலி பெற்றாயிற்று என்று ஒரு சொல் சொல்லியிருப்பின் அறிவார் யார்? தனக்குரியதை விடலாம், பிறர்க்குரியதை விடலாகாது என்னும் இந்நுண்ணிய வேறுபாடே வாய்மையின் உயிர்நிலை என்க.

அற்றேல், வாக்களித்தவன் அரசன். மனைவியும் மைந்தனும் துன்புறுவது எற்றுக்கு? மார்க்கண்டேய புராணத்தில் தன்னை விற்குமாறு மனைவியே முற்பட்டுக் கூறுகின்றாள். மைந்தனோ எதற்கும் உடன்பட்டவனல்லன். அவன் உயிர்பெற்றெழுதல் தாயின் துயரைத் துடைக்கும், வினாவைத் துடைக்காது.

பொய்யின் பயனைக் காண விழைவோர் விசுவாமித்திரரை நோக்குதல் வேண்டும். அரிச்சந்திரன் பொய்யன் என்று நாட்டுவதாக இந்திரனவையில் வசிட்டரொடு சூளுரைத்த முனிவர், அதன்பொருட்டு வஞ்சனையை வஞ்சனையால் வளர்க்கின்றார். மனைவியின் கழுத்தில் வாளோங்கும் வேளையிலும், ஒரு பொய் சொன்னால் யாவும் தருவேன் என்கின்றார். வாள் மாலையாகிறது, சிவபெருமான் வெளிப்படுகின்றான், முனிவர் தவத்திற் பாதியை இழக்கின்றார். வினை சடமாதலின் அதன் பயனை இறைவனே கூட்டுவிக்கின்றான் என்னும் சித்தாந்தத் துணிபுக்கு இக்காட்சி இயைந்ததே. ஆயினும் அரிச்சந்திரன் நிலையை இருவினையொப்பு என்றல் மிகை. அவன் மீண்டும் அரசாளச் செல்கின்றானன்றோ?

மயானப் புலம்பற் பாட்டுக்களை நீட்டி இந்திரனவைக் காட்சியைச் சுருக்குவராயின், மெய்யன் பட்ட துன்பமொன்றே காண்போர் நெஞ்சில் நிற்கும். முனிவர் எதனைப் பணயம் வைத்தார், எதனை இழந்தார் என்பது அவர்க்கு விளங்காதே போம்.