பலகை மேடையும் எல்.இ.டி. தரையும்

தொலைக்காட்சி நடனப் போட்டிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் லண்டனிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 2004இல் பிபிசியின் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’, 2006இல் அதன் இந்தி வடிவமான ‘ஜலக் திக்லா ஜா’, 2009இல் ஜீ டிவியின் ‘டான்ஸ் இந்தியா டான்ஸ்’, பிறகு மற்ற மொழிகள் என்று ஒரு வம்சாவளி சொல்லப்படுகிறது. இன்னும் கொஞ்சம் நினைவாற்றல் உள்ளவர்கள் 1996இல் சோனியில் தொடங்கிய ‘பூகி வூகி’யையும் சேர்த்துக்கொள்வார்கள். நிகழ்ச்சியின் அச்சு வந்த வழி அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2014இல் மழவில் மனோரமாவில் ‘டி ஃபோர் டான்ஸ்’ முதல் சீசன் வந்தபோது அதை வீட்டு விசேஷம் போல எடுத்துக்கொண்ட மலையாளிக் குடும்பங்களை இந்த வம்சாவளியை வைத்து விளக்க முடியாது. ஆட்டத்துக்கு மதிப்பெண் போடும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. அந்தப் பழக்கத்தின் வேரைத் தேட கொச்சியைவிட, அதிலும் மட்டாஞ்சேரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு தெருவைத் தாண்டினால் பேச்சு மாறும். கொங்கணிக்காரர்கள் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றி இருக்கிறார்கள். குஜராத்திகளும் கச்சி மேமன்களும் வியாபாரத்துக்கு வந்து தங்கியவர்கள். 1568இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி இன்னும் நிற்கிறது. சற்றுத் தள்ளி ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்ததாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்கள் தோபிகானாவில் இப்போதும் வேலை செய்கின்றன. ஒவ்வொரு கூட்டத்தோடும் ஒரு ஆட்டமும் வந்து இறங்கியிருக்கிறது. நவராத்திரியில் குஜராத்திகளின் கர்பா, முஸ்லிம் கல்யாண வீட்டில் ஒப்பன, ஆண்கள் சேர்ந்து கொட்டும் தஃப் முட்டு. இவை எல்லாமே கூட்டமாக ஆடுபவை. கர்பா வட்டத்தில் யாரும் ஜெயிப்பதில்லை.

தமிழ் வாசகர்கள் இங்கே அவசியம் நின்று பார்க்கவேண்டியது சவிட்டு நாடகம். கொச்சியிலிருந்து கோதுருத்து, கொடுங்கல்லூர் வரை நீளும் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கர்கள் ஆடுவது. மேடை பலகையால்தான் போடவேண்டும், ஏனென்றால் காலை ஓங்கி மிதிக்கும்போது பலகை எழுப்பும் ஓசைதான் அங்கே பாதித் தாளம். ஜிகினா பதித்த ஐரோப்பிய உடுப்பும் கிரீடமும் வாளுமாக ராஜாவும் படைவீரர்களும் வந்து, பாடிக்கொண்டே மிதிப்பார்கள். மூச்சு பாட்டுக்கா காலுக்கா என்று தெரியாதபடி நெஞ்சு ஏறி இறங்கும். பாடப்படும் மொழி பெரும்பகுதி தமிழ். சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கலையின் கதையை யாரும் தொடங்குவதில்லை. ஷார்லமேன் சக்கரவர்த்தியின் கதையான ‘காறல்மான் சரித’த்தை முழுதாக ஆட ஓரிரவு போதாது, பல இரவுகள் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கர் ஆடும் கூத்துகளிலும் ஆட்டத்தைப் பழக்குபவர் அண்ணாவியார்தான். ஒரே கடலின் இரண்டு கரைகளில் தமிழ்ப் பாட்டுக்கு ஐரோப்பிய ராஜாக்கள் ஆடிய வரலாறு இது. தமிழ் நாடக ஆய்வில் இதற்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

கூட்டமாக ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தது அரசாங்கம். கேரளம் உருவாகி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1957 ஜனவரியில், எறணாகுளத்தில் முதல் பள்ளி இளைஞர் விழா நடந்தது. இன்றைய மாநிலக் கலோத்சவத்தின் தொடக்கம் அது. 1986இல் கலாப்பிரதிபா, கலாதிலகம் என்று தனியாள் பட்டங்கள் வந்தன. முதல் கலாப்பிரதிபா, பிறகு நடிகரான வினீத். மஞ்சு வாரியர் இரண்டு முறை கலாதிலகம். சினிமாக்காரர்கள் அந்த மேடையில் முகம் தேடினார்கள், பத்திரிகைகள் முதல் பக்கத்தில் படம் போட்டன. தொலைக்காட்சி சீசன் பின்னால் கொண்டுவந்ததாக நாம் நினைக்கும் எல்லாமே, அதாவது நடுவர் மேஜை, மதிப்பெண், ஒரே இரவில் கிடைக்கும் பெயர், தோற்ற குழந்தையின் அழுகை, எல்லாம் அங்கே முன்கூட்டியே நடந்துவிட்டன.

அதன் நோயும் அங்கேதான் முற்றியது. பரதம், குச்சிப்புடி, மோகினியாட்டம் என்று மூன்றிலும் ஒரு பெண்ணை மேடையேற்ற குரு தட்சிணை, உடை, நகை, மேக்கப், பக்கவாத்தியம் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. மாவட்ட அளவில் தோற்றால் அப்பீல், அதிலும் கிடைக்காவிட்டால் கோர்ட். 2000களின் நடுவில் பட்டங்களை ஒழித்துக் கிரேடு முறைக்குப் போனார்கள். அப்பீல்கள் நிற்கவில்லை. கூலிக்கும் கிடங்குக்கும் போகும் மட்டாஞ்சேரிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த மூன்று ஆட்டங்களும் எட்டாத உயரத்தில் இருந்தன. சினிமாப் பாட்டு எட்டியது. அதற்குக் கட்டணம் கிடையாது.

கேரளத்தில் ‘சினிமாட்டிக் டான்ஸ்’ என்று சொல்லப்படும் அந்த ஆட்டத்துக்கு ஆரம்பத்தில் மரியாதை இல்லை. பள்ளி விழாக்களில் அது வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் கொச்சியில் அதற்கு ஒரு தொழில் வழி இருந்தது. 1969இல் ஆபேல் அச்சன் தொடங்கிய கலாபவன், பாட்டும் மிமிக்ரியும் ஆட்டமும் சேர்ந்த மேடை நிகழ்ச்சி என்ற வகையை வளர்த்தது. அந்த வகை வளைகுடா நாடுகளின் மேடைகள் வரை போனது. திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் பின்வரிசையில் ஆடிய பையன்களுக்கு பிரபுதேவாதான் பாடப்புத்தகம். டப்பாங்குத்துப் பாட்டு இல்லாமல் ஒரு மலையாள நடன சீசன் முடிந்து நான் பார்த்ததில்லை. ‘மணிச்சித்ரதாழ்’ நாகவல்லியை யாராவது ஒருவர் ஆடாமலும் முடிவதில்லை. அவளும் தஞ்சாவூர்க்காரிதான்.

கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் உண்டு. 2007இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘மானாட மயிலாட’ நிகழ்ச்சியை உருவாக்கி நடத்திய கலா மாஸ்டர், அதற்கு முன்பே ‘கொச்சு கொச்சு சந்தோஷங்கள்’ என்ற மலையாளப் படத்துக்காக 2000ஆம் ஆண்டின் தேசிய விருதைப் பெற்றவர். அந்தத் தமிழ் நிகழ்ச்சியின் மையத்தில் நடன இயக்குநரே உட்கார்ந்திருந்தார் என்பதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். விஜய் டிவியின் ‘ஜோடி நம்பர் ஒன்’னில் நட்சத்திரங்கள் முன்னால் நின்றார்கள். ‘மானாட மயிலாட’வில் ஸ்டெப்பைப் போட்டவருக்கும் முகம் இருந்தது.

‘டி ஃபோர் டான்ஸ்’ சீசன்களைத் திரும்பப் பார்க்கும்போது எனக்கு முதலில் படுவது, எடை தூக்கும் உடல்கள். மார்கழியில் சபாக்களில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு அந்த உடலின் இலக்கணம் புதிது. தரையில் சறுக்கி, தோளில் ஏறி, காற்றில் திரும்பி, ஒரு பாட்டை மூன்று நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு மூச்சு வாங்க நடுவர்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். பிரியாமணி, பிரசன்னா மாஸ்டர், நீரவ் பவ்லேச்சா மூவரும் பேசும் நேரம் ஆட்டத்தைவிட நீளம். நடுவே ‘ஏ.வி.’ எனப்படும் அறிமுகக் காணொளி ஓடும்: வீடு, அம்மா, பட்ட கஷ்டம். ஆடுபவரின் வாழ்க்கை தெரிந்துவிடுகிறது. அந்த ஆட்டத்தை அமைத்தவரின் பெயர் திரையின் கீழே ஒரு கணம் வந்து போகிறது, பின்னால் ஆடிய எட்டுப் பேருக்கு அதுவும் கிடையாது. சவிட்டு நாடகத்தில் அண்ணாவி யாரென்று ஊருக்கே தெரியும். எல்.இ.டி. தரையில் அண்ணாவி இருட்டில் நிற்கிறார். இந்த நிகழ்ச்சிகள் மேல் எனக்குள்ள முதல் வழக்கு இதுதான், மதிப்பெண்ணோ கண்ணீரோ அல்ல.

அதே நேரத்தில் அந்த மேடை கொடுத்ததையும் சொல்லவேண்டும். முதல் சீசனில் வென்ற ரம்சான் முகமது, 2022இல் வந்த அமல் நீரதின் ‘பீஷ்ம பர்வம்’ படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடினார். கதை நடப்பது எண்பதுகளின் கொச்சியில். பெண்ணுக்கே வழக்கமாகக் கொடுக்கப்படும் மயக்கும் ஆட்டத்தை ஓர் ஆண் உடல், நளினத்தைக் கொஞ்சமும் கேலிப்பொருளாக்காமல் ஆடியது. இடுப்பும் விரலும் தோளும் தனித்தனியாகப் பேசுகின்றன. கலோத்சவம் தயாரித்த எந்த ஆணுக்கும் வெகுஜன சினிமா இப்படி ஒரு இடம் கொடுத்ததில்லை என்று துணிந்து சொல்வேன். அதே நிகழ்ச்சியில் ஆடிப் பெயர் பெற்ற தில்ஷா பிரசன்னன் 2022இல் மலையாள பிக் பாஸை வென்றார். அது நடனத்துக்குக் கிடைத்ததல்ல, முகத்துக்குக் கிடைத்தது. இரண்டையும் ஒரே கணக்கில் வைக்கக்கூடாது.

குழந்தைகள் ஆடும் சீசன்கள் தனிப் பிரச்சினை. 2019 ஜூனில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், பெரியவர்களுக்கான அசைவுகளைக் குழந்தைகளை வைத்து ஆடவைக்க வேண்டாம் என்று சேனல்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுரை சரிதான். ஷூட்டிங் எத்தனை மணிக்கு முடிகிறது, பள்ளிக்கூடம் எத்தனை நாள் போகிறது என்ற கேள்விகள் அதைவிட முக்கியம். ஒரே ஷெட்யூலில் பல எபிசோடு எடுக்கும் வழக்கத்தில் பன்னிரண்டு வயதுக் குழந்தை இரவு வரை மேக்கப்போடு காத்திருப்பதைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும்.

இந்தத் துறையில் எழுத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், சாஸ்திரிய நடனத்துக்கு நூலகங்கள் இருக்கின்றன. சவிட்டு நாடகத்துக்கு 1960களில் ஸபீனா ராஃபி மலையாளத்தில் எழுதிய வரலாற்று நூல் இருக்கிறது. அவர் கோதுருத்திலேயே பிறந்து, ஆசான்களைத் தேடிப்போய், சுவடிகளைப் பார்த்து எழுதியது. அவர் எழுதாமல் போயிருந்தால் இன்று நாம் பேசுவதில் பாதி இருந்திருக்காது. தொலைக்காட்சி நடனத்தைப் பற்றி வருவதோ பெரும்பாலும் நட்சத்திரப் பேட்டியும் கலாச்சாரச் சீரழிவுத் தலையங்கமும். சீசன்களின் பழைய பதிவுகள் சேனல்களின் வசம் இருக்கின்றன, யூட்யூபில் துண்டு துண்டாகக் கிடைக்கின்றன. யார் ஸ்டெப் போட்டார்கள், எந்தக் குழு பின்னால் ஆடியது, என்ன சம்பளம், எங்கே ஒத்திகை, காயம்பட்டவர்களின் வைத்தியத்துக்கு யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தத் துண்டுகளில் இல்லை. ஆடியவர்களிடம் இருக்கிறது. முதல் சீசனில் இருபது வயதில் பின்வரிசையில் நின்றவருக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும், முழங்கால் வலி ஆரம்பித்திருக்கும். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய்க் கேட்பவர் அதிகம் தாமதிக்கக்கூடாது.