எஞ்சினுக்கே முதல் மரியாதை

1972 ஏப்ரல் 23 அன்று நடந்த இமோலா 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட் முதலாவதாகவும் புரூனோ ஸ்பஜ்ஜாரி இரண்டாவதாகவும் வந்தார்கள். இருவரும் ஓட்டியவை போலோன்யா நகரத்து டுகாட்டி தொழிற்சாலையின் 750 சிசி வண்டிகள். எம்.வி. அகுஸ்டாவில் வந்த உலக சாம்பியன் ஜாகோமோ அகோஸ்டினியால் பந்தயத்தை முடிக்கவே முடியவில்லை. அதுவரை ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்காகவே பெரிதும் அறியப்பட்டிருந்த ஒரு நிறுவனத்தை உலகம் அன்று திரும்பிப் பார்த்தது.

பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள்களைப் போற்றுபவர்கள் இந்த மாதிரி வெற்றிகளில் தொடங்குவார்கள். பிறகு எஞ்சினின் ஓசை, டேங்கின் வளைவு என்று போகும். பழிப்பவர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு: விளக்கு எரியாது, ஸ்விட்ச் உடையும், குரோமியம் உரியும். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனால் போற்றுதலுக்கும் பழிப்புக்கும் காரணம் ஒன்றே என்பதை இரண்டு தரப்புமே கவனிப்பதில்லை. இந்த வண்டிகளை உருவாக்கியவர்கள் எஞ்சினையும் ஃபிரேமையும் தங்கள் வேலையாகக் கருதினார்கள். மற்றதெல்லாம் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் சரக்கு. அந்த முடிவின் பலனையும் சுமையையும் ஐம்பது ஆண்டுகள் கழித்து இன்றைய உரிமையாளர் ஏற்றுக்கொள்கிறார்.

1954இல் டுகாட்டியில் சேர்ந்த ஃபாபியோ தல்யோனியின் எஞ்சின்களைப் பார்த்தால் இது விளங்கும். மேலே இருக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்றப் பலர் செயின் போட்டார்கள். தல்யோனி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு செங்குத்துத் தண்டையும், அதன் இரு முனைகளிலும் பெவல் கியர் ஜோடிகளையும் வைத்தார். செயின் தேயும், நீளும். இதில் அந்தத் தொல்லை இல்லை. வால்வு விஷயத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். சுழற்சி மிக வேகமாகும்போது ஸ்பிரிங் பின்தங்கிவிடும். வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாது. தல்யோனியின் டெஸ்மோட்ரோமிக் முறையில் மூடுவதற்கும் தனி கேமும் தனி ராக்கரும் உண்டு. 1956இல் 125 சிசி பந்தய வண்டியில் வந்த இந்த ஏற்பாடு, 1968இல் சாலை வண்டிகளுக்கும் இறங்கியது.

இந்த எஞ்சினை வைத்திருப்பவர் கொடுக்கும் விலையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு வால்வுக்குத் திறக்கும் பக்கம் ஒரு இடைவெளி, மூடும் பக்கம் ஒரு இடைவெளி. இரட்டை சிலிண்டர் வண்டியில் மொத்தம் எட்டு. ஒவ்வொன்றையும் அளந்து, இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற சிறு உலோகத் துண்டைச் சரியான கனத்தில் தேடி அல்லது தேய்த்துப் போட வேண்டும். எஞ்சினை முழுக்கப் பிரித்தால் பெவல் கியர்களின் பற்கள் பொருந்தும் இடைவெளிக்கும் இதே ஷிம் வேலை. கை பழகிய மெக்கானிக்குக்கே பொழுது போய்விடும். தொழிற்சாலைக்கும் இது கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் பின்னாளில் பான்டா மாதிரியில் பெவல் கியர்களை விட்டுப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டுக்கு மாறினார்கள்.

இந்த வண்டிகளைத் தேடுபவர்கள் பலரும் 1974இல் வந்த 750 சூப்பர் ஸ்போர்ட்டை உச்சியில் வைக்கிறார்கள். இமோலா வண்டியின் சாலை வடிவம் அது, டெஸ்மோ எஞ்சின், தயாரானவை நானூற்றுச் சொச்சம். நான் வேறுபடுகிறேன். அதே 748 சிசி, அதே தொண்ணூறு பாகை கோணத்தில் சிலிண்டர்கள், அதே பெவல் கியர்கள் கொண்ட 750 ஜிடி, சாதாரண வால்வு ஸ்பிரிங்குடன் 1971இல் வந்துவிட்டது. ஊர்ச் சாலையில் எவரும் ஓட்டும் வேகத்துக்கு ஸ்பிரிங் போதும். தொண்ணூறு பாகை தரும் அதிர்வற்ற ஓட்டமும், ஒன்றரை மீட்டரைத் தாண்டிய சக்கர இடைவெளி தரும் நிதானமும் ஜிடியிலும் அப்படியே இருக்கின்றன. வளைவுக்குள் திரும்பக் கொஞ்சம் சோம்பல்படும், திரும்பிய பின் அசையாது. வைத்து ஓட்ட வேண்டிய வண்டி ஜிடிதான்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையை மறைக்கக் கூடாது. வட்ட மூடி கொண்ட அந்த முதல் தலைமுறை எஞ்சின்களில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு வலை, அது போகக் கிராங்குக்குள் அழுக்கைச் சுழற்சியால் ஒதுக்கித் தேக்கும் ஒரு குழி, அவ்வளவுதான். குழி நிரம்பினால் பிக் எண்டு பேரிங்குக்கு ஆயில் போகாது. கிராங்கோ அழுத்திச் சேர்த்தது. பேரிங் மாற்ற எஞ்சினைப் பிரித்து, கிராங்கை அழுத்திக் கழற்றி, மறுபடி சேர்த்து, நூல் பிசகாமல் நேராக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அடிக்கடி ஆயில் மாற்றுவது இங்கே வெறும் சடங்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது; எஞ்சினின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

மின்சாரக் கோளாறுகளை இத்தாலியர் குணம் என்று சொல்லிவிடுகிறார்கள். இது சோம்பேறித்தனமான விளக்கம். பிரெகான்ஸே ஊரில் விவசாயக் கருவி செய்த குடும்பத்தின் லாவெர்டா வண்டிகளைப் பாருங்கள். அவர்களின் 750இல் கிராங்கைத் தாங்க ஐந்து பேரிங்குகள். மின்சாரத்துக்கு ஜெர்மனியின் பாஷ், மீட்டர்களுக்கு ஜப்பானின் நிப்பான் டென்சோ. நல்ல பொருளை வாங்கினார்கள், நன்றாக வேலை செய்தது. மற்றவர்களின் கோளாறு வாங்கும் இடத்தில் இருந்தது. நல்ல பொருள் வாங்கிய லாவெர்டாவும் பின்னாளில் நொடித்துப்போனது; தரம் மட்டும் ஒரு சிறு தொழிற்சாலையைக் காப்பாற்றாது என்பதற்கு அது வருத்தமான சான்று.

மோட்டோ குஸ்ஸி கதை வேறு. கோமோ ஏரிக்கரையில் மாண்டெல்லோ டெல் லாரியோவில் 1921 முதல் இயங்கும் நிறுவனம். ஜூலியோ சேசரே கார்கானோவின் வி-எஞ்சின் 1967இல் வி7 மாதிரியில் வந்தது. லீனோ தோந்தி வடிவமைத்த தாழ்ந்த ஃபிரேம் 1971இல் வி7 ஸ்போர்ட்டில் சேர்ந்தது. சிலிண்டர்கள் இரு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நின்ற இடத்தில் மூடியைக் கழற்றி, ஒரு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் கொண்டு டேப்பட் இடைவெளியைச் சரிசெய்துவிடலாம். செயின் கிடையாது, ஷாஃப்ட்தான். முதன்முதலாகப் பழைய இத்தாலிய வண்டி வாங்குபவருக்குத் தயங்காமல் குஸ்ஸியைச் சொல்வேன். ஆனால் எழுபதுகளின் குஸ்ஸி சிலிண்டர்களின் உள்சுவரில் கடின குரோமியப் பூச்சு இருக்கிறது. வயதும் ஈரமும் சேர்ந்தால் அது உரியும். உரிந்த துணுக்கு ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும். வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி என்றால் ஓடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் இன்றைய சேகரிப்புப் பழக்கத்தோடு எனக்குச் சண்டை. குறைந்த கிலோமீட்டர், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எல்லாம், இந்த இரண்டுக்குத்தான் ஏலத்தில் விலை. 1974 சூப்பர் ஸ்போர்ட் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கிறது. அந்த விலைக்குப் பின் அதை யாரும் மழையில் எடுத்துப் போவதில்லை. அதன் ஃபைபர் கிளாஸ் டேங்க் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் இளகுகிறது என்பதால் பெட்ரோல் ஊற்றவே தயங்குகிறார்கள். விலை ஏறியதும் போலிகள் வந்தன. ஃபிரேம் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே தனிக் கல்வியாகிவிட்டது. பழைய வயரிங்கை மாற்றினால் மதிப்பெண் குறைக்கும் போட்டிகள் இருக்கின்றன. வடிவமைத்தவர் அக்கறை காட்டாத பாகத்தைப் புனிதமாக்கி என்ன பயன்? நல்ல ரெகுலேட்டர், புதிய வயர், ஒழுங்கான ஃபியூஸ், எலெக்ட்ரானிக் இக்னிஷன் இவற்றைப் போடுவது துரோகமாகாது. தொழிற்சாலை பாதியில் விட்ட வேலையை உரிமையாளர் முடித்துவைக்கிறார்.

மூலவடிவத்தைக் காப்பவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லோரும் இஷ்டப்படி மாற்றியிருந்தால், எது எப்படி இருந்தது என்று இன்று தெரிந்திருக்காது. அவர்கள் அளந்து எழுதி வைத்த குறிப்புகளை வைத்துத்தான் சிறு பட்டறைகள் கேஸ்கெட், கேபிள், சைலன்சர் என்று மறுபடி செய்து தருகின்றன. அதற்கு ஒவ்வொரு வகையிலும் சில வண்டிகள் தொடப்படாமல் இருந்தால் போதும்.

மற்றவை ஓட வேண்டும். இத்தாலியிலேயே அதற்கு வழி இருக்கிறது. 1953 முதல் 1957 வரை சாலைகளில் நடந்த மோட்டோஜிரோ பந்தயம், மில்லே மில்லியா கார் பந்தயத்தில் நடந்த விபத்துக்குப் பின் நிறுத்தப்பட்டது. 2001இல் வேகப் போட்டியாக இல்லாமல், நேரம் தவறாமல் ஓட்டும் பயணமாக அதை மீட்டார்கள். 175 சிசி வரையிலான அந்தக் காலத்து வண்டிகள் நாள்கணக்கில் மலைச்சாலை ஏறுகின்றன. வழியில் நிற்கின்றன, பிளக் மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்புகின்றன.