சுட்டி நிற்குமிடம் யாருக்குத் தெரியும்?

கணிப்பொறித் திரையை நடுநிலையான வெளி என்று நான் நம்பவில்லை. விண்டோஸில் முதன்மைத் திரையின் இடது மேல்மூலைதான் பூஜ்யம். அங்கிருந்தே எல்லாம் அளக்கப்படுகிறது. அதற்கு இடப்பக்கம் இன்னொரு திரையை வைத்தால் அங்கே சுட்டியின் கிடைக்கணக்கு கழித்தல் எண்ணாகிவிடும். மையத்தைத் தீர்மானிக்கிறவர்களே விளிம்பையும் தீர்மானிக்கிறார்கள்.

தமிழ் எம்.ஏ. படிச்சவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கு. ‘கெட்கர்சர்பாஸ்’ என்று ஒரு நிரல் கேட்டால் போதும், சுட்டி வேறொரு நிரலின் சாளரத்தின்மேல் நின்றாலும் இடம் தெரிந்துவிடும். எக்ஸ்11இலும் இதே கதைதான். என் கை எங்கே தயங்கியது என்பதைப் பக்கத்து நிரல் கணக்கெடுக்கலாம். எனக்குத் தெரியவே தெரியாது.

2008இல் தொடங்கிய வேலண்ட் இதை மறுத்தது. சுட்டி தன் பரப்புக்குள் வரும்போதுதான் நிரலுக்குத் தகவல். அதுவும் அந்தப் பரப்பின் மூலையிலிருந்து அளந்த எண்கள் மட்டும். முழுத்திரைக் கணக்கு கம்போசிட்டரிடம் இருக்கும்.

உடனே கைதட்டிவிட முடியாது. கண்காணிப்பின் சாத்தியம் ஒழியவில்லை, ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. பார்வைக் குறைவுள்ளவர்களுக்காகச் சுட்டியைத் தொடர்ந்து திரையைப் பெரிதாக்கும் கருவிகூட இப்போது கம்போசிட்டரின் தயவில்தான் இயங்கணும். அந்த அனுமதியை யார், யாருக்காக எழுதுகிறார்கள்? தோழர்கள் இதிலிருந்து பேசத் தொடங்கலாம்.