பத்தரை மணிப் பனிக்கு ஒரு ஸ்கீ

பவுடர் ஸ்கீ வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் காலை எட்டரை மணிக்காக வாங்குகிறார்கள். இரவெல்லாம் கொட்டிய பனி, ஒரு தடமும் விழாத சரிவு, முழங்கால்வரை புதைகிற மென்மை. விளம்பரப் படமெல்லாம் அந்த வேளையில் எடுத்ததுதான். பத்தரை மணியை யாரும் படம் எடுப்பதில்லை. அதற்குள் ஊர் மொத்தமும் அதே சரிவில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் திரும்பி, பனியை ஏர் ஓட்டிய வயலாக ஆக்கியிருக்கும். பள்ளத்தில் வழுக்கல், மேட்டில் இறுகிப்போன குவியல், இரண்டுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் தப்பிய ஒரு கை அகல மென்பனி. இந்தக் கிளறிய பனியில்தான் லிஃப்ட் சீட்டுக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி செலவாகிறது. ஆகவே ஸ்கீயையும் இதற்காகத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் சறுக்குவது பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் பிளாக்கோமில். பசிபிக் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே விழும் பனியில் ஈரம் அதிகம். யூட்டாவின் ஆல்டாவில் விழுவது உலர்ந்த, லேசான பனி. அங்கே குவியலை ஸ்கீ தட்டிவிட்டுப் போய்விடும். இங்கே நீங்கள் குவியலைத் தள்ளினால் குவியல் உங்களைத் தள்ளும். அதோடு உயர வித்தியாசம் வேறு. கிராமம் 675 மீட்டரில் இருக்கிறது, விஸ்லர் உச்சி 2,180 மீட்டரைத் தாண்டுகிறது. உச்சியில் பவுடர், நடுவில் ஈரக்குழம்பு, அடிவாரத்தில் மழை என்று ஒரே இறக்கத்தில் மூன்றையும் பார்க்கிற நாள்கள் நடுக்குளிர்காலத்திலும் உண்டு. பனிச்சரிவு அபாயத்தைப் போக்க ரோந்துக்காரர்கள் வெடி வைத்து முடிக்கும்வரை மேலே உள்ள லிஃப்ட்கள் திறக்காது. பீக் எக்ஸ்பிரஸ் முன்னால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். திறந்ததும் வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். புத்தம்புதுப் பனி என்பது அரை மணி நேர சமாச்சாரம்.

இந்தப் பருவம் முழுக்க என் காலில் இருந்தது சலோமன் க்யூ.எஸ்.டி. பிளாங்க். 2021-22இல் வந்த முதல் வடிவம்தான், செகண்ட் ஹாண்டாகக் கிடைத்தது. பாதத்துக்கடியில் 112 மில்லிமீட்டர் அகலம், என்னுடையது 186 சென்டிமீட்டர் நீளம், உள்ளே முழுக்க பாப்ளர் மரம், நுனியில் அதிர்வைக் குடிக்க ஒரு துண்டு கார்க். மீதி விவரங்களை எந்தக் கடைக்காரரும் ஒப்பிப்பார். அவர் ஒப்பிக்காமல் விடும் ஒரு விவரம் மட்டும் எனக்கு வேண்டும்: எடை. ஒரு ஸ்கீ சுமார் 2.2 கிலோ. ஜோடிக்கல்ல, ஒன்றுக்கு.

இதைப் படித்ததும் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஏனென்றால் கடந்த பல ஆண்டுகளாக ஸ்கீ உலகம் ஒரே பாட்டைத்தான் பாடுகிறது: லேசு, இன்னும் லேசு. ஸ்கீயின் அடியில் தோலை ஒட்டிக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கு அந்தப் பாட்டு நியாயமானது. ஒவ்வொரு அடிக்கும் அந்த எடையைக் காலால் தூக்குகிறவர்கள் அவர்கள். கொண்டோலாவில் உட்கார்ந்து மேலே போகிறவனுக்கு எதற்கு அது? வண்டி நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட்வரை தோளில் சுமக்கும் பத்து நிமிடத்துக்காக, மீதி நாள் முழுக்க ஆடிப்போகிற ஒரு பலகையை வாங்குவானேன்?

இதற்கு முன் நான் வைத்திருந்த ஜோடி அந்த ரகம். பெயர் வேண்டாம். 1,750 கிராம், அதே அகலம், உள்ளே கார்பன். கடையில் கையில் எடுத்தபோது மனம் குளிர்ந்தது. புதுப்பனியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் முதல் குவியலில் நுனி இடப்பக்கம் விலகும். அதைச் சரிசெய்வதற்குள் இரண்டாம் குவியல் வலப்பக்கம் தள்ளும். நான்காவது திருப்பத்தில் ஸ்கீ ஓட்டுவதை விட்டுவிட்டு ஸ்கீயைச் சமாளிப்பதே வேலையாகிவிடும். காரணம் ரகசியமல்ல. குவியலில் மோதும் பொருள் எவ்வளவு கனமோ அவ்வளவு குறைவாகத்தான் திசை மாறும். கார்பன் விறைப்பைத் தரும், ஆனால் மரமும் உலோகமும் போல அதிர்வை விழுங்கிக்கொள்ளாது. வாங்கிய அடியை அப்படியே பூட்டுக்கு அனுப்பி, பூட் வழியாக முட்டிக்கு அனுப்பிவிடும். நாள் முடிவில் தொடையில் வருகிற எரிச்சல் உடற்பயிற்சிக் குறைவால் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளாங்க்கில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத சுகம் இதுதான்: பத்தரை மணிக்கும் தலையை நிமிர்த்தி அடுத்த இரண்டு திருப்பங்களைப் பார்க்க முடிகிறது. ஹார்மனி லிஃப்ட்டிலிருந்து இறங்கி வரும்போது, கலைந்து கிடக்கும் சரிவில் குவியல்களைச் சுற்றிப் போக வேண்டிய அவசியமில்லை. நடுவே புகுந்து போகலாம். ஸ்கீ அதிர்கிறது, ஆனால் திசை மாறுவதில்லை. வேகத்தைக் குறைத்தால்தான் பாதுகாப்பு என்ற பழைய பயமும் போய்விட்டது. கனமான ஸ்கீயில் கொஞ்சம் வேகம் இருந்தால்தான் குவியல் வழிவிடும். முன்பக்கம் சாய்ந்து நாக்கை, அதாவது பூட்டின் நாக்கை, கணைக்காலால் அழுத்திப் பிடித்தால் போதும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் எந்த ஸ்கீயும் காப்பாற்றாது.

எடை மட்டுமே எல்லாம் என்று சொல்ல மாட்டேன். வெறும் கனமான பலகை ஆழ்பனியில் மூழ்கிவிடும். வடிவமும் வேண்டும், அந்த வடிவத்தின் கதை இந்த ஊரோடு கொஞ்சம் பிணைந்தது. 1969இல் வான்கூவரில் பிறந்தவர் ஷேன் மெக்காங்கி. அவருடைய தந்தை ஜிம் மெக்காங்கி விஸ்லரில் ஸ்கீ பள்ளியை நடத்தியவர். தொண்ணூறுகளில், ஆழ்பனிக்கு ஏன் படகைப் போல நடுப்பாகம் புடைத்து, நுனிகள் மேல்நோக்கி வளைந்த ஸ்கீ இருக்கக் கூடாது என்று ஷேன் யோசித்தார். அப்போதைய ஸ்கீகள் எல்லாம் அதற்கு நேர் எதிர்: இடுப்பு ஒடுங்கி, பாதத்துக்கடியில் வில்லாக வளைந்திருக்கும். யோசனையைச் சோதிக்க அலாஸ்காவின் மலையில் தண்ணீர்ச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு இறங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் வோலான்ட் கம்பெனியின் ஸ்பாட்டுலா. புதுப்பனியில் அது ஒரு புரட்சி. ஆனால் இறுகிய பனியில் அதன் விளிம்புக்குப் பிடிமானமே கிடையாது. திரும்பும், நிற்காது. 2009இல் இத்தாலியின் டாலமைட் மலையில் ஸ்கீயோடு குதித்தபோது ஷேன் இறந்தார். இன்று சந்தையில் இருக்கும் ஏறக்குறைய எல்லா அகல ஸ்கீயும் அவர் யோசனைக்கும் பழைய வில்லுக்கும் நடந்த சமரசம்தான். நுனியும் வாலும் மேல்நோக்கி வளைவு, நடுவில் பழையபடி வில்.

அந்தச் சமரசத்தில் எது எவ்வளவு என்பதில்தான் கிளறிய பனியின் தலையெழுத்து இருக்கிறது. நுனி வளைவு நீளமாக இருந்தால் பவுடரில் மிதக்கும். ஆனால் தரையைத் தொடாத அந்த நீளமெல்லாம் குவியல் வரும்போது சும்மா அடித்துக்கொள்ளும். நுனியைக் கூம்பாகச் செதுக்கினால் ஆழ்பனியில் இடறாமல் சுலபமாகத் திரும்பும். அதே கூம்பு கிளறிய பனியில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் அலையும். என் கணக்கு இது: கடையில் ஸ்கீயைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். நீளத்தில் கால்பாகத்துக்கு மேல் முன்னால் அந்தரத்தில் நின்றால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நுனியை ஒரு கையால் பிடித்து, நடுவில் மறு கையால் அழுத்துங்கள். ரொட்டி மாதிரி வளைந்தால் வேண்டாம். கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு சீராக வளைய வேண்டும்.

நீளத்தைப் பற்றி எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. ஸ்கீயின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். சில கம்பெனிகள் வளைப்பதற்கு முன்னால் பலகையின் நீளத்தை அளக்கின்றன, சில வளைவை ஒட்டி அளக்கின்றன, சில நுனிக்கும் வாலுக்கும் இடையே நேராக நாடாவை இழுத்து அளக்கின்றன. ஒரு கம்பெனியின் 184ஐயும் இன்னொன்றின் 184ஐயும் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் வரலாம். வளைவு அதிகமான ஸ்கீயில் தரையைத் தொடும் நீளம் இன்னும் குறைவு. செருப்புக்கு ஒரே அளவுமுறை இல்லை என்றாவது எல்லோருக்கும் தெரியும், போட்டுப் பார்த்து வாங்குகிறோம். இங்கே நூற்றுக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு, அளவுநாடா எங்கே தொடங்கியது என்று சொல்ல மறுக்கிறார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் நீளமானதை எடுங்கள். நுனியும் வாலும் வளைந்த ஸ்கீயில் 186 என்பது இறுகிய பனியில் நூற்று எழுபது சொச்சமாகத்தான் நடந்துகொள்ளும்.

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கிலும் இதே எடை விவகாரம். சாதாரண லிஃப்ட் பைண்டிங் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ வரும். கனமான ஸ்கீயை வாங்கி அதன்மேல் ஏற்றத்துக்கான மெல்லிய ஊசி பைண்டிங்கைப் பூட்டி, இரண்டுக்கும் ஒரே ஜோடி போதும் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஊசி பைண்டிங்கில் பூட்டுக்கும் பலகைக்கும் நடுவே அதிர்வை வாங்கிக்கொள்ள எதுவுமில்லை; சேர்த்த சொத்தை அங்கேயே கரைத்துவிடுகிறார்கள். ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும் என்றால் 2018இல் வந்த ஷிஃப்ட் மாதிரியான கலப்பு பைண்டிங்குகள் இருக்கின்றன. நான் ஏறுவதில்லை.

அடிப்பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விஸ்லரின் ஈரப்பனி, குறிப்பாக நடுமலைக்குக் கீழே, வழவழப்பான அடிப்பாகத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கல்லில் அரைக்கும்போது வரிகளைச் சற்று ஆழமாகப் போடச் சொல்லி, வெதுவெதுப்புக்கான மெழுகைத் தேய்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். நுனியிலும் வாலிலும் விளிம்பை லேசாக மழுக்கிவிடவும். கூராக வைத்திருந்தால் ஒவ்வொரு குவியலிலும் கொக்கி போட்டு இழுக்கும். சலோமன் 1947இல் அன்னெசியில் ஸ்கீ விளிம்பு செய்துதான் தொழில் தொடங்கியது என்பார்கள். அப்பேர்ப்பட்ட கம்பெனியின் விளிம்பை அரம் வைத்து மழுக்கும்போது கொஞ்சம் குறும்பான திருப்தி.

112 மில்லிமீட்டரில் இழப்பு இல்லாமல் இல்லை. மழை பெய்து இரவில் உறைந்த காலையில், இவ்வளவு அகலமான எந்த ஸ்கீயும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறச் சோம்பல் படும். அந்த நாள்களுக்கு 90க்குள் ஒன்று தனியாக வைத்துக்கொள்வதுதான் மரியாதை. மரங்களுக்கு நடுவே நெருக்கமான இடங்களில் 2.2 கிலோவைச் சுழற்ற முட்டி வேண்டும். அறுபது கிலோவுக்குக் குறைவானவர்கள், இப்போதுதான் பவுடருக்குள் வருகிறவர்கள், இதே எடையை வாங்கக் கூடாது. அவர்களுக்கு 178 நீளம், அல்லது 1,900 கிராம் சுற்றி வரும் வேறொன்று. அதற்கும் கீழே போகாதீர்கள். கையில் எடுத்ததும் வியக்கவைக்கும் எதையும் வாங்காதீர்கள்.

பிளாங்க்தான் ஒரே வழி என்றில்லை. நெவாடாவின் ரீனோவில் சிறிய அளவில் தயாராகும் மொமென்ட்டின் வைல்ட்கேட் 116 மில்லிமீட்டர். முன்பு பிபி என்ற பெயரில் இருந்தது, அதன் பழைய ஜோடிகளை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்களை லிஃப்ட் வரிசையில் பார்க்கலாம். பிளிஸார்டின் ரஸ்ட்லர் 11 உள்ளே உலோகத் தகட்டோடு வருகிறது. உலோகம் என்றாலே முரடு என்று பயப்பட வேண்டாம். டைட்டனல் என்கிற அந்த அலுமினியக் கலவையை எங்கே, எவ்வளவு அகலத்தில் வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். நுனிவரை முழு அகலத்தில் ஓடினால் அது வேகக்காரர்களுக்கு. பாதத்தைச் சுற்றி அகலமாக இருந்து நுனியில் குறுகினால் நம்மைப் போன்றவர்களுக்கு.

வாங்குகிற வேளையும் முக்கியம். ஸ்கீயின் உள்கட்டமைப்பை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாற்றுகிறார்கள். நடுவில் மாறுவது மேல்தாளின் ஓவியம் மட்டும். மார்ச் கடைசியில் கடைகள் அந்த ஓவியத்தை விற்றுத் தீர்க்க விலையைக் கணிசமாகக் குறைக்கும். எடையையும் அகலத்தையும் முந்தைய ஆண்டு மாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அவை மாறாமலிருந்தால் பெரும்பாலும் ஸ்கீயும் மாறவில்லை. என் ஜோடியின் நிறம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சறுக்கும்போது பாதி நேரம் அது பனிக்கடியில்தான் இருக்கிறது.